காணாமல் போன ஐந்தரை ஜிபி

கலிபோர்னியாவில் ஒருவர் 80 ஜிபி ஹார்டு டிஸ்க் வாங்கினார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மாட்டினால், திரையில் தெரிந்தது 74 ஜிபி சொச்சம்தான். மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை. அளந்த படிதான் வேறு. 100 கோடி பைட் சேர்ந்தால் ஒரு ஜிபி என்பது கம்பெனியின் கணக்கு. விண்டோஸோ 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடிக்கும் மேலான பைட்டை ஒரு ஜிபி என்கிறது. சின்னப் படியால் அளந்து விற்றதைப் பெரிய படியால் அளந்தால் குறையத்தானே செய்யும்!

இரண்டு கணக்குமே தப்பில்லை. ஆனால், வாங்குகிறவருக்கு அதை யார் சொன்னார்கள்?

அந்த ஐந்தரை ஜிபியின் மதிப்பு சில டாலர்கள்தான். அதற்காக வக்கீல் வைத்தால், அவருடைய ஒரு மணி நேர ஃபீஸுக்கே காணாது. போனால் போகட்டும் என்று பலரும் விட்டுவிடுவது இதனால்தான். ஒருவருக்கு அது சில்லறை. லட்சம் பேரிடம் சேர்த்தால் கம்பெனிக்குப் பெரிய தொகை.

அவர் விடவில்லை. ஒரே பொருளை வாங்கி ஏமாந்த எல்லோருக்காகவும் ஒருவரே வழக்குப் போட அமெரிக்கச் சட்டத்தில் வழி உண்டு. 'கிளாஸ் ஆக்‌ஷன்' என்பார்கள். 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஓர் இலவச பேக்கப் சாஃப்ட்வேர். வக்கீல்கள் தரப்புக்குப் போனது சுமார் 5 லட்சம் டாலர்! அடுத்த ஆண்டு, இதே மாதிரி வழக்கில் சீகேட் நிறுவனம் விலையில் 5 சதவீதத்தைத் திருப்பித் தர இசைந்தது.

2014 செப்டம்பரில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு 329 டாலருக்கு வந்தது. 4 ஜிபி மெமரி என்றது விளம்பரம். சில மாதங்களில் கேம் விளையாடுபவர்களே சோதித்துக் குட்டை உடைத்தார்கள். 4 ஜிபி இருந்தது உண்மை. ஆனால், முழு வேகத்தில் ஓடியது மூன்றரைதான். மிச்ச அரை ஜிபி நொண்டியது. 2016-ல் சமரசம். கார்டுக்கு 30 டாலர். அதுவும் தானாக வீடு தேடி வராது. விண்ணப்பம் போட்டுக் கேட்டவர்களுக்கு மட்டும்தான்.

30 டாலரும் ஒரு சாஃப்ட்வேரும் நியாயமா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். வாங்கியவருக்குச் சுண்டைக்காய், வக்கீலுக்குப் பூசணிக்காய் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தக் கேலியில் உண்மையும் உண்டு.

ஆனால், ஒரு ஹார்டு டிஸ்க் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இதுபோன்ற வழக்குகளில் கேட்கப்பட்டதும் அடிப்படையில் அந்த ஒரு வரிதான்: எந்தப் படியால் அளக்கிறாய் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு வில்!