சும்மா வந்து பழகும்மா

நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டு வேலை கேட்டுப் போனால், "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. வேலையே கிடைக்காதவளுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? அதனால்தான் "கொஞ்ச நாள் சும்மா வந்து பழகும்மா" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், சம்பளம் கேட்காமல் போய் நிற்கிறார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிலிப்பைன்ஸ் பார்த்துவிட்டது. அங்கே வெளிநாட்டு வேலையை நம்பிப் படித்தவர்கள் ஏராளம். உள்ளூரில் அத்தனை பேருக்கு இடமில்லை. மருத்துவமனைகள் அவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து ஷிப்ட் முழுக்க வேலை வாங்கின. சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் என்று அவர்களிடமே பணமும் வாங்கினார்கள். 2011இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளில் இதை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில், 10,000 செவிலியர்களை மாதம் 8,000 பெசோ உதவித்தொகையுடன் ஓராண்டுப் பணிக்கு எடுக்கும் திட்டமும் வந்தது.

தமிழ்நாட்டு அரசு வேலைக்குக் கணக்கே வேறு. 2015இல் 7,243 செவிலியர் இடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைத்தது. சும்மா சேவை செய்ததற்கு அந்தத் தேர்வில் மார்க் இல்லை.

அதற்காகத் தன்னார்வப் பணியே வீண் என்று சொல்லிவிட முடியாது. நோய்த்தணிப்புக் குழுவோடு வீடுகளுக்குப் போய்வந்த பெண்ணை இன்டர்வியூவில் சட்டென்று அடையாளம் தெரியும். படுக்கைப்புண்ணைப் பற்றிக் கேட்டால் அவள் புத்தக வரையறையை ஒப்பிக்க மாட்டாள். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் புண்ணைக் கழுவியதைச் சொல்வாள்; புற்றுநோய்ப் புண்ணின் நாற்றம் அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவியதைச் சொல்வாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க மருமகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தாள் என்பதைக் கையாலேயே செய்து காட்டுவாள். மருத்துவமனை வார்டில் இந்தப் பாடம் அவ்வளவு எளிதில் கிடைக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போகும் நோய்த்தணிப்புச் செவிலியர்களும் இருக்கிறார்கள். இந்தக் கைப்பழக்கத்துக்கு வேலையும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் சிலவற்றை முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. எத்தனை வாரம், எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முடித்து வரும்போது தேதியும் செய்த வேலையும் குறிப்பிட்ட கடிதம் வேண்டும். டியூட்டி பட்டியலில் பெயர் ஏறி, நைட் ஷிப்டில் தனியாக ஒரு வார்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அது ஸ்டாஃப் நர்ஸ் வேலை. அன்றைக்கே சம்பளம் கேட்க வேண்டும்.