தொட்டியில் ஒரு திருக்கை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தைக் கற்போர் ஒன்றனை எளிதிற் காண்பர். மருந்தின் பெயரால் அமைந்த அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களிலும் யாதொரு மருந்தின் பெயரும் இல்லை. உண்ணும் அளவு, நோயின் காரணம், நோயுற்றான் நிலை, காலம், அருகிருந்து பேணுவோன் என்னும் இவையே அங்குப் பேசப்படுகின்றன. இதன் பொருளை யான் வகுப்பறையில் உணர்ந்ததினும், சென்ற மார்கழித் திங்களில் எம் இல்லத்து மீன்தொட்டியின் அருகே உணர்ந்ததே மிகுதி.

எம்மூர் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. ஏரியும் கிணறும், நெல்லும் மணிலாவும் அறிந்த ஊரேயன்றிக் கடலை அறிந்த ஊரன்று. திருக்கை என்றதும் இங்குப் பலர்க்கும் கருவாடே நினைவுக்கு வரும். ஆகவே, வண்ணமீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரினின்று என் தமையனார் உயிருள்ள திருக்கை ஒன்றனைக் கொணர்ந்தபோது, தெருவினர் திரண்டு வந்து நோக்கியது வியப்பன்று.

அது கடல்மீன் அன்று. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் ‘மோட்டோரோ’ என்னும் நன்னீர்த் திருக்கை. முல்லர், ஹென்லே என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1841-இல் இவ்வினத்தை நூலிற் பதிந்தனர். வட்டில் போன்ற தட்டை உடல். அதன்மேல் கருவளையம் சூழ்ந்த பொன்னிறப் புள்ளிகள். எலும்பு ஒன்றேனும் இன்றிக் குருத்தெலும்பாலேயே ஆய யாக்கை. கடல்வாழ் திருக்கைகள் உப்பு நீரைத் தாங்கும் பொருட்டுத் தம் குருதியில் ‘யூரியா’ என்னும் பொருளை மிகுதியாகத் தேக்கி வைப்பன. இவ்வாற்றுத் திருக்கைகளோ அவ்வாற்றலை இழந்துவிட்டன என்று தார்சன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1967-இல் கண்டு கூறினர். பன்னெடுங்காலம் நன்னீரில் வாழ்ந்தமையின் கடலையே மறந்த குலம் இது எனலாம்.

மார்கழிப் பனியில் நீர் குளிர்ந்துவிடுமே என்று தமையனார் ‘ஹீட்டர்’ என்னும் வெப்பக்கோலைத் தொட்டியில் இட்டார். அதனைச் சுற்றிக் காப்புக்கூடு ஏதும் இல்லை. வேண்டும் என்று விற்றவரும் கூறிற்றிலர். அடித்தளத்திற் படிந்து கிடத்தலே திருக்கையின் இயல்பாதலின், அஃது இரவில் அக்கோலின் மீதே படிந்தது போலும். காலையில் நோக்க, உடலின் இடப்பக்க விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்து உரிந்திருந்தது. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. கண்களின் பின்னுள்ள துளைகளால் அது நீரை ஈர்த்து மூச்சுவிடும் விரைவைக் கண்டு என் உள்ளம் நடுங்கிற்று.

எம் ஆயா அருகே வந்து நோக்கி, “கொஞ்சம் மஞ்சளை அரைச்சுப் பூசினா ஆறிடாதாடா?” என்றார். “பூசணும்னா வெளியில எடுக்கணும் ஆயா, அதுவே அதுக்குப் பெரிய துன்பம்” என்று தமையனார் விடையிறுத்தார். அவர் கூறியது மெய். அதன் வாலில் அரம் போன்ற பற்களையுடைய நச்சுமுள் உண்டு. வலையால் அள்ளினால் முள் வலையிற் சிக்கும். தோலைக் காக்கும் வழுவழுப்பும் அழியும். இடம் மாற்றியே தீரவேண்டின், நீரோடு சேர்த்துத் தட்டைத் தொட்டியில் முகந்தெடுத்தலே முறை. அம்முள் மனிதரைத் தைத்தாலோ, பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில், 45 பாகைக்கு மிகாமல், அவ்வுறுப்பை அமிழ்த்தி, மருத்துவரை நாடவேண்டும். வெம்மை அந்நஞ்சின் வீற்றைக் குறைக்கும்.

தமையனார் முதற்கண் வெப்பக்கோலை அகற்றினார். காரணம் நீங்கிய பின்னர் நீரே மருந்தாயிற்று. மீனின் கழிவில் அம்மோனியா உண்டு. அதனை நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் சிறிதாயினும் நஞ்சே. புண்பட்ட உயிர்க்கோ பெருநஞ்சு. ஆகவே நாடோறும் நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, அதே வெம்மையுள்ள கிணற்று நீரை மெல்ல ஊற்றினோம். மீன்நோய்க்கென்று விற்கும் மருந்துகளுட் பல செம்பு கலந்தவை. சுறாவும் திருக்கையும் அதனைப் பொறா. எனவே அவற்றை நாடாது, உலர்ந்த நாட்டு வாதுமை இலைகள் சிலவற்றை மட்டும் இட்டோம். நீர் தேயிலைச் சாறு போல் நிறங்கொண்டது. அமேசானின் கிளையாறுகள் சிலவும் இலைச்சாறு ஊறி அந்நிறமே கொண்டவை.

நான்கு நாட்கள் அஃது உணவைத் தீண்டவில்லை. அந்நாட்களில் ஏதேனும் ஒரு மருந்தை ஊற்றிவிட எம் கைகள் துடித்தன. ஒன்றும் செய்யாது காத்திருத்தல் அன்பின்மை போல் தோன்றும். ஆயின் நோயாளியின் பொருட்டன்றி நம் மன அமைதியின் பொருட்டு இடும் மருந்தும் உண்டு என்பதை அப்போது அறிந்தேன். ஐந்தாம் நாள் வாழையடியில் தோண்டிய மண்புழு ஒன்றனை அது தன் உடலால் மூடி விழுங்கிற்று. மூன்று வாரத்திற் புண் மூடிற்று. வெண்தழும்பின் மீது கருநிறம் மெல்லப் படரலாயிற்று.

புண் ஆறிற்று, ஆயினும் வினா ஆறவில்லை. இன்று ஒரு சாண் அகலமுள்ள இவ்வுயிர், வளர்ந்தால் அரை மீட்டரினும் மிகும். நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் அது திரும்பவும் இயலாது. “ஏரியில் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்” என்றார் அண்டை வீட்டார் ஒருவர். பிழைத்துக்கொள்ளும் என்பதே அச்சத்திற்குரியது. 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட திலேப்பியா, ஜிலேபி மீன் என்னும் பெயரோடு இன்று நம் ஏரிகளிற் பெருகிக் கிடக்கின்றது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கம் ஒன்றிலோ இம்மோட்டோரோத் திருக்கையே இனம் பெருக்கியுள்ளது. நம் ஏரியில் இறங்கிக் களையெடுப்பார் காலும், நீராடும் சிறுவர் காலும் அம்முள்ளை அறியா.

ஆகவே தமையனார் கொல்லைப்புறத்தில் அகன்ற சிமிட்டித் தொட்டி ஒன்றனைக் கட்டத் தொடங்கியுள்ளார். அதற்கென மிதிவண்டி வாங்கச் சேர்த்த பொருள் செலவாயிற்று. இனி இத்தகைய உயிரை விலைகொடுத்து வாங்குவதில்லை என்றும் உறுதி பூண்டார். அழகு கண்டு வாங்குவது ஒரு நாட்செயல். பேணுவதோ அவ்வுயிர் உள்ளளவும் தீராக் கடன். தோழர்காள், நும்முள் எவரேனும் வண்ணமீன் வளர்க்க விழைவீராயின், மீனின் விலையைக் கேட்கும் முன்னர், அது முழுதும் வளர்ந்தால் எத்துணை இடம் வேண்டும் என்பதைக் கேளுங்கள்.