பன்னிரண்டு மெகாபிக்சல் போதுமா?

கமரா பற்றிப் பேச்சு வந்தால் எங்கட செட்டில் முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான்: "எத்தனை மெகாபிக்சல்?"

எங்களிடம் இருப்பது 2011இல் வெளிவந்த கெனன் 1100டி. பன்னிரண்டு மெகாபிக்சல். மூன்று பேர் காசு போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினது. மாளிகாவத்தை ஃபிளாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்ட நானா, கமராவைக் கண்டதும் "இதால பெரிசாக் கழுவலாமா தம்பி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதனால் கணக்குப் பார்த்தோம். நல்ல பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 புள்ளிகள், அதாவது ஒன்பது மெகாபிக்சல்கூட இல்லை. எங்கட கமரா தருவது 4272க்கு 2848. கல்யாண அல்பத்தில் வரும் 12க்கு 8 அங்குலப் படத்துக்கு அது தாராளம். சுவரில் மாட்டும் பெரிய படத்தைத் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அதற்குப் பாதி நெருக்கமே போதும். இன்ஸ்டாகிராமில் போடும் 1080க்கு 1350 படமோ ஒன்றரை மெகாபிக்சலுக்கும் குறைவு. நாற்பத்தைந்து மெகாபிக்சலில் எடுத்தாலும் போனில் பார்ப்பது அவ்வளவுதான்.

எங்களை உண்மையில் மடக்குவது வெளிச்சம். ஃபிளாட் படிக்கட்டுகள் பகலிலேயே இருட்டு. நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி பகிரும்போது ஆவியும் டியூப்லைட்டும்தான். அங்கே கிட் லென்ஸின் 5.6 துவாரத்தை விட 50 எம்எம் லென்ஸின் 1.8 துவாரம் ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். புதுக் கமராவோடு பார்த்தால் அந்த லென்ஸ் மலிவு.

விலை எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது கமராக்களும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. டியூஷன் கொடுத்துச் சேர்க்கிற காசில் தவணை கட்டத் தொடங்கினால், மிச்சமிருக்கிற கம்பஸ் காலம் முழுக்க அதுக்கே போய்விடும்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் பொரளை. 1983 ஜூலையில் அங்கே பஸ் நிலையத்தில் சந்திரகுப்த அமரசிங்க ஒரு படம் எடுத்தார். ஆடை களையப்பட்ட ஒரு தமிழ் இளைஞர், அவரைச் சூழச் சிங்கள இளைஞர்கள். இன்று இணையத்தில் கிடைப்பது பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போன வடிவம். ஆனாலும் கறுப்பு ஜூலை என்றதும் எங்கட தலைமுறைக்கு முதலில் நினைவில் வருவது அந்தப் படம்தான். அதற்குத் தேவைப்பட்டது அந்த இடத்தில் ஒருவர் நின்றதும், விரலை அழுத்தியதும், படம் அழியாமல் காக்கப்பட்டதும்தான். அதே படத்தில் அந்த இளைஞரின் அவமானமும் உறைந்து கிடக்கிறது. யாருடைய முகத்தை, எந்த நிலையில் காட்டலாம் என்ற கேள்விக்கு எந்த கமராவும் பதில் தராது.

அதுக்காக மெகாபிக்சல் வீண் என்று சொல்ல வரவில்லை. தூரத்துப் பறவையை எடுத்துப் பிறகு வெட்டிப் பெருப்பிப்பவருக்கு அது வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் போலப் பழைய பத்திரிகைகளை ஆவணப்படுத்துபவர்களுக்கும் தெளிவு முக்கியம். பொடி எழுத்து வாசிக்க முடியாவிட்டால் அந்த வேலைக்கே அர்த்தமில்லை. படம் எங்கே போகப்போகிறது என்பதைப் பார்த்துத்தான் கமராவைத் தீர்மானிக்க வேண்டும்.

எங்கட படங்கள் போக வேண்டிய இடம் எங்களுக்குத் தெரியும். 2010க்குப் பிறகு கொழும்புத் தோட்டங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் நகர அபிவிருத்தி அதிகார சபையின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. ஒழுங்கைகள், பொதுப் பைப்படிகள், வாசலில் கதிரை போட்டிருக்கும் உம்மாமார் எல்லாம் இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டியவை. புதுக் கமரா வாங்கும்வரை அவை காத்திருக்காது.

அதனால் சேர்த்த காசில் அந்த 50 எம்எம் லென்ஸை வாங்கினோம். மிச்சத்தில் நாற்பது படங்கள் கழுவி, அதில் இருக்கிறவர்களின் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒருத்தரும் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கவில்லை. "எங்கட வாப்பாவை இன்னொன்று எடுத்துத் தாங்களேன்" என்றுதான் கேட்டார்கள்.

உங்கட போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கும். அதில் எத்தனையைக் கழுவி வைத்திருக்கிறீர்கள்?