கூட்டல் கணக்கில் நான் செய்த தப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

1988-ல் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்குள் ஒருவன் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாகப் பந்தை வீசினால், வெளியே நிற்பவருக்கு அது 80 என்று கரும்பலகையில் கூட்டிக் காட்டினேன்.

ஒரு பெண் எழுந்தாள். "அப்போ ரயில் முன்னாடி எரியிற லைட் வெளிச்சத்துக்கும் ரயில் வேகத்தைக் கூட்டணுமா டீச்சர்?"

"ஆமா, கூட்டணும்."

அவள் உட்காரவில்லை. "புத்தகத்துல ஒளியோட வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்னு ஒரே நம்பர்தானே போட்டிருக்கு? எந்த லைட்டுன்னு போடலையே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். இதைச் சொன்னதும், "பெரியம்மா, அந்தப் பொண்ணு கேட்டதுதான் சரி" என்றாள்.

1905-ல் ஐன்ஸ்டீன் ஆரம்பித்ததே அந்த இடத்தில்தானாம். விளக்கு நின்றாலும் ஓடினாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஒன்றுதான். 1964-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒளியின் வேகத்தில் 99.9 சதவீதத்துக்கும் மேல் ஓடும் பையான் என்ற நுண்துகளிலிருந்து முன்பக்கமாகப் பாய்ந்த காமா கதிரை அளந்தார்கள். காமா கதிரும் ஒரு வகை ஒளிதான். என் கணக்குப்படி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்திருக்க வேண்டும். வந்தது அதே 3 லட்சம்தான். நான் தப்பாகச் சொன்னபோதே அந்தச் சோதனை நடந்து 24 வருஷம் ஆகியிருந்தது!

ஒளியின் வேகத்தில் முக்கால் பங்கோடு முக்கால் பங்கைச் சேர்த்தால் ஒன்றரை வராதாம், 0.96தான் வருமாம். பஸ், ரயில் வேகத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் நம் கூட்டல் அங்கே பலிக்கிறது.

எவ்வளவு உந்தினாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. செர்னில் 2010-ல் புரோட்டான்களுக்குக் கொடுத்ததைவிட 2015-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆற்றல் கொடுத்தார்கள். வேகம் கூடியது நொடிக்குச் சுமார் 8 மீட்டர். அப்போதும் ஒளியைவிட 3 மீட்டர் குறைவுதான். அதை எட்டிப்பிடிக்க முடிவில்லாத ஆற்றல் வேண்டுமாம்.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. அன்று நீ கேட்டது சரி. டீச்சர் சொன்னதுதான் தப்பு. மன்னித்துக்கொள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்குத் தெரியலை, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு அந்த நாளை வர 30 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்