லக்னப் பத்திரிகை வாசித்த ஸ்பீக்கர்

அன்புத் தோழிக்கு,

பள்ளி ஆண்டு விழாவுக்கு எட்டு கார்ட்லெஸ் மைக் வாடகைக்கு எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். துணிச்சல்காரிதான்! அதற்குமுன் எங்கள் ஊர்க் கூத்தைக் கேள்.

போன முகூர்த்தத்தில் அண்ணன் ஒரு வரவேற்புக்கு சவுண்ட் செட் போட்டிருந்தான். மிக்ஸரில் நான். பாடகர் பல்லவியை எடுக்கிறார், ஸ்பீக்கரில் பக்கத்து மண்டபத்துச் சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகை வாசிக்கிறார்! அந்த மாப்பிள்ளையின் கோத்திரம், தாத்தா பெயர், படிப்பு எல்லாம் எங்கள் பந்திக்கே தெரிந்துவிட்டது. எங்கள் மண்டபத்துக் கல்யாணப் பெண்ணின் அத்தை, “இந்தப் பையன் நம்ம பெரியவளுக்குப் பொருத்தமா இருந்திருப்பானே” என்று பெருமூச்சு வேறு. விஷயம் இதுதான்: மண்டபக்காரர் கொடுத்திருந்த மைக்கும் அங்கிருந்ததும் ஒரே மலிவு மாடல். அலைவரிசையை மாற்ற வழியே இல்லாத செட். அந்த மாதிரி செட்டைத் தொடாதே.

மாற்ற முடிந்த செட் என்றாலும் எட்டையும் கோலப்புள்ளி மாதிரி சம இடைவெளியில் வைத்துவிடக் கூடாது. 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவை இரண்டும் கலந்து 499, 502 என்று யாரும் கேட்காத இரண்டு பிள்ளைகளைப் பெறும். மூன்றாவது மைக்கை 502-இல் வைத்தாயோ, தொலைந்தாய். 500, 501, 503, 507 என்று வை. எந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி வேறு எந்த இரண்டுக்கும் வரக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். நல்ல செட்டில் இந்தக் கணக்கைக் கம்பெனிக்காரனே குரூப், சேனல் என்று போட்டுத் தந்திருப்பான். எட்டையும் ஒரே குரூப்பிலிருந்து எடு.

700 மெகாஹெர்ட்ஸ் பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதே. அமெரிக்காவில் 2010-லேயே அந்தப் பட்டையில் மைக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இங்கே 2022 ஏலத்தில் ஜியோ அந்தப் பட்டையில் இடம் வாங்கிவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டும் வேண்டாம். அது வைஃபை, புளூடூத் புழங்கும் இடம். காலி அரங்கில் சமர்த்தாக இருக்கும், பெற்றோர்கள் செல்போனும் கையுமாக வந்து உட்கார்ந்ததும் திக்கும்.

அலைவரிசையை ஸ்கேன் செய்யும்போது எல்.இ.டி. வால், லைட்டு எல்லாம் எரியட்டும். அந்த வாலே ஏகப்பட்ட இரைச்சலைக் கிளப்பும். உன் மைக்குகள் மட்டும் அணைந்திருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பார். அணைத்த மைக்கின் ரிசீவரில் இன்னும் சிக்னல் காட்டினால் அந்த இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், மாற்று.

ரிசீவரை மேடைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதே. ஆன்டெனா ஆள் தலைக்கு மேலே, மைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர், சிக்னலைக் குடித்துவிடும். பிள்ளைகளிடம் மைக்கின் அடிப்பக்கத்தைப் பொத்திப் பிடிக்காதே என்று சொல்லு. கை மைக்குகளில் பெரும்பாலும் ஆன்டெனா அங்கேதான். அன்றைக்கு அந்த அத்தை வாழ்த்துரையில் பாதி அப்படித்தான் போயிற்று. நல்லவேளை!

என்னைக் கேட்டால், நாடகத்தில் ஓடியாடும் நாலு பிள்ளைகளுக்கு மட்டும் கார்ட்லெஸ் கொடு. போடியத்தை விட்டு நகராத உங்கள் தலைமையாசிரியருக்கும் சிறப்பு விருந்தினருக்கும் ஒயர் மைக்கே போதும்.

அன்புடன்,
உன் மிக்ஸர்காரி