கடைசி ஆளை முன்னால் விடு

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. இரும்பு ஏணி ஏறினால் பை தைக்கும் கடை. நாலு தையல் மெஷின், ரெக்சின் சுருள்கள், பசை வாடை. வெட்டு மேசை மேல் விரித்திருந்த பழுப்புத் தாளில் அன்றைக்குப் பையின் அளவுகள் இல்லை. நேரக் கணக்கு இருந்தது, அதுவும் கீழிருந்து மேலாக. அடிவரியில் ‘ராத்திரி 8.30, குர்லா’. அதற்கு மேல் நேரல் ஸ்டேஷன், அதற்கு மேல் தஸ்தூரி, அதற்கும் மேல் கார்பெட் முனை. காலையில் பிடிக்க வேண்டிய ரயில் தாளின் உச்சியில், கடைசியாக எழுதப்பட்டிருந்தது.

“எல்லாரும் காலைல எத்தன மணிக்கு வண்டின்னு கேக்காவ, அண்ணாச்சி. ராத்திரி எத்தன மணிக்கு வீட்டுல இருக்கணும்னுதான் நான் மொதல்ல எழுதுவேன்” என்றார் கடைக்காரர்.

நாற்பதைத் தாண்டியவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் கிடங்குக்கு வேலைக்கு வந்தவர். இவர் வாரம் முழுக்கப் பை தைக்கிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழ்க் குடும்பங்களைச் சஹ்யாத்ரி மலைகளுக்கு ஒருநாள் நடைக்கு அழைத்துப் போகிறார். பம்பாயில் இந்தப் பழக்கம் புதிதல்ல. ‘கிரிவிஹார்’ என்ற மலையேற்றக் கழகம் 1954-இலேயே இங்கே தொடங்கிவிட்டது. இப்போது மழைக்காலச் சனி, ஞாயிறுகளில் தாதர், குர்லா நடைமேடைகள் முதுகுப்பைகளால் நிரம்பி வழிகின்றன. பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறவர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறார்கள். இவரை நான் தேடிப் போனதற்குக் காரணம், இவரோடு நடந்தவர்கள் யாரும் மலையழகைப் பற்றி முதலில் பேசவில்லை. “எட்டரைன்னா எட்டரைக்கு வந்துட்டோம்” என்றார்கள்.

அந்த எட்டரை எப்படி வருகிறது என்பதைத் தாளைக் காட்டி விளக்கினார். பிவ்புரி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பாலி-பூதிவலி அணையைத் தாண்டி, சாகாச்சி வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பு வழியாக கார்பெட் மேட்டில் ஏறி மலைவாசத்தலமான மாதேரானுக்குப் போவது பாதை. ஜூலையில் சூரியன் மறைய ஏழேகால் ஆகும் என்றாலும், மேகம் கவிந்த காட்டில் ஆறு மணிக்கே இருட்டு. மாதேரானுக்குள் காருக்கும் டாக்சிக்கும் அனுமதி இல்லை. தஸ்தூரி வரை போனால்தான் நேரலுக்கு ஷேர் டாக்சி. மாதேரானின் சின்ன மலை ரயிலில் இறங்கலாமே என்று யாராவது கேட்பார்கள். மழைக்காலத்தில் அது நேரல் வரை ஓடாது, அமன் லாட்ஜ் ஸ்டேஷனுக்கும் மாதேரானுக்கும் நடுவில் மட்டும்தான். இதற்கெல்லாம் மேலே மெகா பிளாக். பல ஞாயிறுகளில் மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே வேகப் பாதையை முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நாலு மணிவாக்கு வரை பராமரிப்புக்காக அடைத்துவிடுவது மத்திய ரயில்வேயின் வழக்கம். மலையில் வழி தவறியவர்களைவிட, குர்லாவில் இதில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கிய அமைப்பாளர்கள் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஏற்றத்துக்கு எவ்வளவு நேரம் போடுவது? ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. உலகம் முழுக்க மலை நடைக்காரர்கள் இன்றும் இதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். அதைச் சொன்னதும் நம்மவர் சிரித்தார். “அவரு தனியா நடந்திருப்பாரு. நம்ம கூட்டத்துல நாலு பேரு செருப்புத் தேடுவான், ரெண்டு பேரு போட்டோ எடுப்பான், ஒருத்தருக்கு வயித்தக் கலக்கும். வந்த கணக்க அப்படியே ரெண்டால பெருக்கணும். அதுக்கு மேல ஒண்ணரை மணி நேரம் சும்மா வச்சிருக்கணும். அந்த ஒண்ணரைய யாருகிட்டயும் சொல்லப்படாது.”

இந்த வித்தை அவருக்கு எந்தக் கழகத்திலும் வந்ததல்ல. அவருடைய அப்பா குருசாமி. தாராவியிலிருந்து வருஷாவருஷம் சபரிமலைக்குக் கூட்டம் கட்டிப் போனவர், அதுவும் எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு இறங்கும் பெருவழியில். சிறுவயதில் கூடவே நடந்த மகன் பார்த்தது, அப்பா யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்பதைத்தான். வேகமாக நடப்பவனை அல்ல, மூச்சு வாங்குகிற கிழவரையும் முதல் தடவை வந்த கன்னிசாமியையும்.

ஞாயிறுக்கு முந்தைய வாரநாள் ஒன்றில் ரெக்கி போனோம். அழைத்துப் போகப்போகும் பாதையை முன்கூட்டி நடந்து பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பல தடவை போன பாதைதானே என்றேன். போன வருஷத்து மழை வேறு, இந்த வருஷத்து மழை வேறு என்றார். உண்மைதான். அணைக்கு மேலே ஒரு திருப்பத்தில் வழி பாதி சரிந்து கிடந்தது. அவர் நின்று, பக்கவாட்டில் புதர் விலக்கி ஒரு சுற்றுவழி கண்டுபிடித்து, அதற்கு எத்தனை நிமிடம் கூடும் என்று சின்ன நோட்டில் குறித்தார். எங்கே நிழல், எங்கே இருபது பேர் உட்கார இடம், பெண்கள் ஒதுங்க மறைவு எங்கே, கைப்பேசிக்குச் சிக்னல் எங்கே என்றும் குறித்தார். அழகான இடங்கள் அந்த நோட்டில் இல்லை. அவை தாமே ஆளை நிறுத்திவிடும் என்பது அவர் கட்சி.

சாகாச்சி வாடியில் ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். டாக்கர் இனத்தவர். எல்லோரும் மாமா என்கிறார்கள், மராட்டியிலும் அது மாமாதான். ஓடையருகே அவர் செய்ததை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். தண்ணீர் தொடும் விளிம்பில், கால் நனையாத இடத்தில், கொட்டைப்பாக்கு அளவு வெள்ளைக் கல் ஒன்றை வைத்தார். குந்தி உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தார். எங்களுக்கு மேலே மழை இல்லை. பீடி முடிவதற்குள் கல்லின் பாதி நனைந்துவிட்டது. அப்புறம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. கல் முழுகினால் காத்திரு, தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினால் மேட்டுக்கு ஏறு, முழங்காலுக்கு மேல் போனால் திரும்பிப் போ. அவர் மராட்டியில் சொன்னதை நம்மவர் தமிழில் சொன்னார். மலைச்சரிவில் எங்கோ கொட்டும் மழை, இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேரும். 2024 ஜூன் 30 அன்று லோணாவளா பூஷி அணைக்குப் பின்னால் அருவியில் நின்ற ஒரே குடும்பத்தவர் ஐவரை வெள்ளம் அடித்துப்போன காணொளியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பீடிக் கணக்கு விளங்கும்.

சனிக்கிழமை மாலை வானிலைத் துறை அறிவிப்பு. சிவப்பு என்றால் நடை ரத்து, பணம் வாபஸ். ஆரஞ்சு என்றால் மாமாவுக்குப் போன். மஞ்சள் வந்தது, கிளம்பினோம்.

பிவ்புரி ரோடு நடைமேடையில் முதல் வேலை, எல்லோரையும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னார். ஷூவின் அடியைப் பார்ப்பதற்கு. அலமாரியில் இரண்டு மூன்று வருஷம் தூங்கிய ஷூ பார்க்கப் புதிதாக இருக்கும். உள்ளே ஒட்டு மட்கியிருக்கும், சகதியில் பத்து நிமிடம் நடந்ததும் அடி வாயைத் திறந்துவிடும். ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவனின் விலை உயர்ந்த ஷூவைக் கட்டைவிரலால் அழுத்தியதுமே பிளந்தது. இடுப்புப் பையிலிருந்து குத்தூசியும் மெழுகு தடவிய நைலான் நூலும் வெளியே வந்தன. நாலு பக்கமும் குத்தித் தைத்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “தோல்காரன் மவனாப் பொறந்ததுக்கு இதாவது தெரியாண்டாமா?” என்றார். அடுத்து பைகள். தோளில் ஒரு பக்கம் தொங்கும் ஆபீஸ் பையோடு வந்த பெண்ணிடம் தன் கடையில் தைத்த முதுகுப்பையைக் கொடுத்துச் சாமானை மாற்றச் சொன்னார். இரண்டு கையும் காலியாக இல்லாதவர் மலைக்கு வரக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

வரிசை அமைத்த விதம்தான் பலருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் மாமா. அவருக்கு அடுத்து, மாட்டுங்காவிலிருந்து வந்த அறுபது தாண்டிய மாமி. கடைசியில் நம்மவர். மாமியை யாரும் முந்தக்கூடாது. இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். “ஏண்டாப்பா, என்னைப் பின்னாடி விடேன், கொழந்தைகள் முன்னாடி போகட்டுமே” என்று மாமியே சங்கடப்பட்டார். “வேண்டாம் மாமி, நீங்க போறதுதான் வேகம்” என்றதோடு சரி.

ஏறும்போதுதான் எனக்கு அதன் நியாயம் பிடிபட்டது. மெதுவாக நடப்பவர் பின்னால் வந்தால், முன்னே போனவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அவர் வந்து சேர்ந்ததும் “சரி, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் பதற்றத்தில் அவசரப்படுவார், பாசி படிந்த கரும்பாறையில் வழுக்குவார். ஒரு கணுக்கால் சுளுக்கினால் இருபது பேரின் எட்டரை போயிற்று. மாமி முன்னால் நடந்ததால் அன்று யாருக்கும் பெரிதாக மூச்சு வாங்கவில்லை, மாமிக்கும்தான். வழியில் ஆள் உயரத்துக்குக் காரவிச் செடிகள். நம் குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. அதன் தண்டுகளை அடுக்கி மண் பூசித்தான் இந்த வாடிகளில் சுவர் எழுப்புகிறார்கள். மாமி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஓடையை அடைந்தபோது தண்ணீர் கலங்கி ஓடியது. மாமா கல்லை வைத்தார், கல் முழுகியது. காத்திருந்தோம். அப்போது பெரிய கூட்டமொன்று பாட்டுப்பெட்டியோடு வந்தது. அறுபது பேருக்குக் குறையாது, இரண்டே அமைப்பாளர்கள், கையில் கைப்பேசி வரைபடம், ஊர் ஆள் ஒருவரும் இல்லை. கையைக் கோத்துக்கொண்டு கூச்சலிட்டபடி இறங்கினார்கள். நடுவில் ஒருவன் இடுப்பு வரை சறுக்கி எழுந்தான். எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்பது அவர்கள் அதிர்ஷ்டம். எங்கள் பையன்கள் நம்மவரைப் பார்த்தார்கள். அவர் காதில் விழாதவர்போல நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கல் வெளியே தெரிந்தது, தண்ணீரும் தெளிந்தது. பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடச் சொல்லி, விழுந்தால் பை கழன்று போகட்டும், ஆள் போகக்கூடாது என்று அழுத்திச் சொல்லி, மூன்று மூன்று பேராகக் கடத்தினார். கரையில் எண்ணிக்கை. ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவர் கூவ வேண்டும். மறைத்து வைத்த ஒன்றரை மணியில் பாதி அங்கே செலவானது. மீதி வாடியில் சாப்பாட்டுக்கு. அரிசி மாவு பாக்ரி, கடலை மாவுப் பிட்லா, இடித்த பச்சைமிளகாய் டேச்சா. மாதேரானில் காட்சி முனைகள் சுற்றுவது ரத்தானது. சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கார்பெட் முனையில் மேகம் விலகிய பத்து நிமிடம் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாதேரானைக் கண்டுபிடித்தவர் தாணே கலெக்டர் ஹியூ மாலெட், 1850 மே மாதம் என்று எல்லாச் சுற்றுலாக் கையேடும் சொல்லும். அங்கே ஓர் ஊற்றுக்குக்கூட அவர் பெயர். அவர் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் மலை ஏறினார். அந்த ஆளின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாகியும் இந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கைப்பேசியில் பாதையை இறக்கிக்கொண்டால் மாமாவின் கூலி மிச்சம் என்று நினைக்கிற அமைப்பாளர்கள் பெருகுகிறார்கள். 2021-இல் மாநில அரசு சாகசச் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து அமைப்பாளர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் ஓடைக்கரையில் பதிவுச் சான்றிதழ் எதற்கு உதவும்?

இதே மலைப்பகுதியில், காலாப்பூர் தாலுகாவில், இர்ஷால்கட் கோட்டைக்குப் போகிறவர்கள் இளைப்பாறிச் சாப்பிட்ட ஊர் இர்ஷால்வாடி. 2023 ஜூலை 19 இரவு மலைச்சரிவு அதை மூடியது. 27 உடல்கள் கிடைத்தன, 57 பேரைக் காணாமல் போனவர்கள் என்று சொல்லித் தேடலை நிறுத்தினார்கள். ஊருக்குச் சாலை இல்லாததால் மீட்புக்குழுக்கள் நடந்தே ஏற வேண்டியிருந்தது. அந்தப் பாதை மனப்பாடமான மலையேற்றக்காரர்கள் பலர் உதவிக்கு ஓடினார்கள். பாக்ரி தின்ற வீடுகளைத் தேடி மண்ணைத் தோண்டினார்கள். நாம் பொழுதுபோக்காக ஏறும் சரிவின் கீழே ஆட்கள் தூங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

நம்மவர் கணக்கில் மாமாவுக்கும் தனக்கும் ஒரே கூலி. சமையல் செய்த வீட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம், நடை ரத்தானாலும் திருப்பிக் கேட்பதில்லை. “அரிசிய அவ ஏற்கெனவே அரைச்சிருப்பாள்லா?” என்றார். இப்படிச் செய்தால் லாபம் குறைவுதான். இருபது பேருக்கு மேல் சேர்ப்பதும் இல்லை. அதனால்தான் இன்னும் பை தைக்கிறார்.

குர்லாவில் இறங்கும்போது எட்டு இருபது.

மும்பைத் தமிழர்கள் அடுத்த மழைக்கு ஏதாவது குழுவில் பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மழையில் அந்தப் பாதையைக் கடைசியாக நடந்து பார்த்தது யார்? ஊரில் வழிகாட்டப் போகிறவர் யார்? அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? உடனே பதில் வராவிட்டால் அந்த ஞாயிறு வீட்டிலேயே இருங்கள்.