துணிக்கைக்கும் தகாதவர்கள்

முழுப்பரீட்சை லீவுக்கு இடையன்குடி போனால், சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறு தொடங்கிவிடும். தாத்தா பாலிஷ் டப்பாவோடு திண்ணையில் உட்காருவார். ஆச்சி காணிக்கைச் சில்லறையை முந்தானையில் முடிந்துவைப்பாள். செம்மணலில் நாலு எட்டு வைத்தால் செருப்பு மறுபடி சிவந்துவிடும். ஆனாலும் பாலிஷ் போட்டாக வேண்டும்.

தாத்தா ஓய்வுபெற்ற வாத்தியார், பனையேறியின் மகன். தெருவில் அவர் தலை தெரிந்தால் பெரிய ஆட்களே பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். கடன் வாங்கியதில்லை. யார் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டியதில்லை.

கோயிலைக் கட்டியவர் கால்டுவெல் ஐயர். 1841இல் அந்த மணற்காட்டுக்கு மிஷனரியாக வந்தவர். பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க முப்பது வருஷத்துக்கு மேலாகி, 1880இல்தான் பிரதிஷ்டை நடந்தது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து பீடத்தின் கீழேயே அடக்கம் செய்தார்கள். பெரியவர்களுக்கு அது சரித்திரம். பிள்ளைகளான எங்களுக்கோ, பாட்டு நடக்கும்போதும் பிரசங்கம் நடக்கும்போதும் கண் அந்தத் தரையை விட்டு அகலாது.

ஒரு திரித்துவ ஞாயிறன்று ஏசாயா ஆறாம் அதிகாரம் வாசித்தார்கள். உசியா ராஜா செத்த வருஷத்தில் தீர்க்கதரிசி ஆண்டவரைச் சிங்காசனத்தில் காண்கிறார். அங்கி தொங்கல் ஆலயத்தை நிறைக்கிறது, வாசல் நிலைகள் ஆடுகின்றன, புகை மண்டுகிறது. 'நான் தொலைந்தேன், என் உதடு அசுத்தம்' என்ற பொருளில் அலறுகிறார். ஆண்டவர் அருகே செட்டைகளோடு நிற்கும் ஒரு சேராபீன் குறட்டால் நெருப்புத் தழலை எடுத்துவந்து அவர் வாயைத் தொடுகிறது. கருப்பட்டி காய்ச்சும் அடுப்பில் ஆச்சி கிளறிவிடும் பனைமட்டைக் கங்குதான் எனக்குத் தெரிந்த தழல். வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்துப் பெஞ்சு அத்தை, எனக்குக் கொட்டாவி என்று நினைத்து முறைத்தாள்.

அதற்குப் பிறகு திருவிருந்து ஆராதனை. உமது மேசைக்குக் கீழே சிந்தும் துணிக்கையைப் பொறுக்கக்கூட நாங்கள் தகுந்தவர்கள் அல்ல என்று சபையே முழங்காலில் நின்று சொல்லும் ஜெபம் வந்தது. தாத்தாவும் சொன்னார். வகுப்பறையில் அதட்டிப் பழகிய தொண்டை அது. அன்றைக்கு அடுத்தவருக்குக் கேட்டால் போதும் என்பதுபோல் அடங்கியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இவருக்கே துணிக்கை இல்லையென்றால் ஊரில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். "தாத்தா, நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ஏல, சேராபீனுக்கு எத்தன செட்டை?" என்றார்.

"ஆறு."

"பறக்க எத்தன?"

"ரெண்டு."

"மிச்சத்த வச்சு என்ன செய்யுது?"

இரண்டால் முகத்தையும் இரண்டால் காலையும் மூடிக்கொள்ளும் என்றேன்.

"அது என்ன தப்பு செஞ்சுது? ஒண்ணுங் கிடையாது. அப்பவும் மூஞ்சிய மூடிக்கிடுது பாத்தியா." அவ்வளவுதான். பிறகு வீடு வரும்வரை மழை இல்லாததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பாவப் பட்டியலும் தண்டனையும்தான் பக்தி என்று எங்களுக்கு ஞாயிறு பள்ளியில் புகட்டியிருந்தார்கள். பொய், திருட்டு, நரகம். குற்றமே செய்யாத ஒன்றும் கண்கூசி நிற்கும் வெளிச்சம் ஒன்று உண்டு என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. பயமுறுத்துவது சுலபம், அதனால் இருக்கலாம்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் கால்டுவெல் 1849இல் எங்கள் சனத்தைப் பற்றி எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஒப்பிலக்கணம் எழுதி 1856இல் தமிழைத் தலைநிமிர வைத்த அதே கை, அதற்கு ஏழு வருஷம் முன்னால் பனையேறிகளை அறிவில் தாழ்ந்தவர்களாக எழுதியிருந்தது. கொதித்துப்போய் ஊருக்கு வந்தேன். இந்த மனுசன் கிடக்கிற இடத்திலா இத்தனை வருஷம் நீங்கள் முழங்கால் போட்டீர்கள் என்று தாத்தாவிடம் கத்தினேன்.

புத்தகத்தை வாங்கி, கண்ணாடி மாட்டி, நான் அடிக்கோடிட்ட பக்கங்களை நிதானமாகப் படித்தார். முகம் சிவந்தது. "பொய்யால எழுதியிருக்காரு," என்றார். "எங்கய்யாவ இவரு பாத்ததில்ல."

"பொறவு ஏன் அங்க போய் தகுதியில்ல, தகுதியில்லங்கீங்க?"

"இவருகிட்டயால சொல்லுதேன்? 1872இல அந்த ஜெபப் புத்தகத்துத் தமிழத் திருத்துன கூட்டத்துல இவரும் உண்டு. துணிக்கைக்கும் தகாதவம்னு இவரும் முழங்காலப் போட்டுச் சொன்ன ஆளுதாம்ல."

சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.